அரை மணி நேரப் பறப்பு

ஐம்பது தாண்டியதிலிருந்து வெள்ளையம்மாவின் முழங்கால் மலையேற மறுக்கிறது. ஆனாலும் நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவள் கூடையில் ஒரு முற்றல் இலையைக் கங்காணி கண்டதில்லை. அம்மா போன பிறகு பள்ளியை விட்டு, தம்பி சுதாகரனைப் படிக்கவைத்தவள் அவள். அவன் இப்போது மாலைதீவில், எங்கோ கோடியில் கிடக்கும் ஒரு தீவின் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். பெட்டியைப் பற்றி அவள் பேசுவதில்லை. “தம்பி பிளேன்ல இருக்கான்” என்பாள்.

மகள் சுமித்ராவுக்குக் கல்யாணம் குறித்தார்கள். மணப்பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன். சுதாகரனுக்கோ முந்தின நாளிலிருந்துதான் லீவு.

“பக்கத்துத் தீவு ஏர்போட்டுக்கு அரை மணி நேரம்க்கா. அங்கயிருந்து நம்ம கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு ஒன்றரை மணி” என்றான் போனில்.

அவள் கூட்டிப் பார்த்தாள். கட்டுநாயக்காவிலிருந்து வீடு வந்து சேரத்தான் அதைவிட நேரமாகும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெரியப்பா மகன் அழகமுத்து சொன்னார். “எதுக்கும் நான் ஒரு பக்கம் நிக்கிறேன் தங்கச்சி. அண்ணன் முறைதானே.”

“ஒனக்கு எதுக்குண்ணே சிரமம்? நீ மேல் லயத்து வீட்டுலயிருந்து எறங்குறதுக்குள்ள அவன் கடலையே தாண்டிருவான்.”

பெண்கள் சிரித்தார்கள். ஒரு காலை இழுத்து நடக்கும் அழகமுத்து சிரிக்கவில்லை.

கல்யாணத்தன்று விடியற்காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“அக்கா, நான் இன்னும் தீவுலதான் நிக்கிறேன்.”

“என்னடா சொல்ற?”

“வேலையாளுக்கு மிஞ்சின சீட்டுதான்க்கா. நேத்து காலைல வந்த பிளேன்ல எடமில்ல. சாயங்காலம் வந்தது மழைக்கு எறங்காமலே திரும்பிருச்சு.”

“அரை மணி நேரம்னியே!”

“பறந்தா அரை மணி நேரந்தான். ஏத்திக்கிட்டாத்தானே.”

“இத ஏன்டா முன்னமே சொல்லல?”

“நீதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டியேக்கா.”

துருவலை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். மேல் லயத்துக்கு ஏறும் வழியில் இருமுறை உட்கார்ந்தாள். திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. யாரைத் திட்டுவது?

அழகமுத்து வெள்ளை வேட்டி கட்டி, வாசல்படியில் இருந்தார்.

“அண்ணே, நீதான் வந்து நிக்கணும்.”

“ஏன், பிளேனுக்குக் கால்வலியா?”

அவள் தலை நிமிரவில்லை. அவர் கைத்தடியை எடுத்தார்.

“வா வா. முகூர்த்தம் ஒனக்காகவும் நிக்காது, எனக்காகவும் நிக்காது.”

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். “ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு நல்ல காலு இருக்கு. போதும்” என்றார். அவர் சுமித்ராவை மணவறைக்கு அழைத்து வந்தபோது மேளக்காரர் வேகத்தைக் குறைத்து, அந்த நடைக்கு ஏற்ப வாசித்தார்.

சுதாகரன் மறுநாள் மத்தியானம் வந்தான். சுமித்ரா புருஷன் ஊரான அரநாயக்கவுக்குப் போய்விட்டிருந்தாள். வாங்கி வந்த சேலையை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தவன், இரண்டு வாய் உண்டதும் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான். வெள்ளையம்மா அவன் கையைத் துடைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை நிறுக்கும் இடத்தில் ஒருத்தி கேட்டாள். “பிளேன்காரத் தம்பி எவ்வளவு நேரத்துல வந்தாருக்கா?”

“ரெண்டு நாளு” என்று சொல்லிவிட்டு, கூடையைத் தராசில் வைத்தாள்.