லிஜாவின் பாறை எழுத்து

கருங்கல் சந்தைக்கு எதிரே இருக்கும் ஃப்ளெக்ஸ் கடையில் வடிவமைப்பு வேலை பார்ப்பவள் லிஜா. கல்லூரியில் கணிதம் படித்தவள். கல்யாண வாழ்த்து, சபை ஆண்டுவிழா, நகைக்கடைத் திறப்பு என்று எது வந்தாலும் தலைப்பில்தான் அவளுக்கு வேலை முட்டி நிற்கும். தமிழில் தடித்த எழுத்துகள் நாலைந்துதான் கையில் இருந்தன. இன்னும் தடிமன் வேண்டுமென்றால் எழுத்தைச் சுற்றிக் கோடு இழுப்பார்கள். கொசு கடித்த முகம்போல அது வீங்கி நிற்கும்.

ஒரு மழைக்காலத்தில் கடையில் வேலை குறைந்தது. வட்டம், சதுரம், பட்டைக் கோடு ஆகியவற்றை மட்டும் வைத்துப் புதிதாக ஓர் எழுத்துரு வரையத் தொடங்கினாள். ‘ட’ இரண்டு பட்டையில் முடிந்துவிட்டது. ‘ப’வுக்கு மூன்று போதுமாக இருந்தது. ‘ழ’தான் பல வாரங்கள் வம்பு செய்தது. கீழே இறங்கும் வாலை அரைவட்டமாக மடக்கிய பிறகே மற்றவற்றோடு வரிசையில் நின்றது. அந்த எழுத்துருவுக்குப் ‘பாறை’ என்று பெயர் வைத்தாள். கடை முதலாளி ராஜகுமார் திரையைப் பார்த்துவிட்டு, “கொள்ளாம் மக்ளே, நல்லா முரட்டு எழுத்தாட்டு இருக்கு” என்றார்.

அதை முதலில் கேட்டு வந்தவர் இனயம் கடற்கரையைச் சேர்ந்த மீனவர் ஜெபிஷ். புதிதாக விசைப்படகு இறக்கியிருந்தார். பெயர் ‘விண்மீன்’. தூரத்தில் வரும்போதே பெயர் தெரிய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒட்டும் காகிதம் உப்புக்காற்றில் உரிந்துவிடும் என்பதால், லிஜா தகட்டில் எழுத்தை வெட்டிக் கொடுத்தாள். அதைப் படகில் வைத்துப் பெயிண்ட் அடித்தார்கள்.

மறுவாரம் ஜெபிஷ் சிரித்துக்கொண்டே வந்தார். “மக்ளே, கிட்ட நின்னு பாத்தா நல்லாட்டுதான் இருக்கு. கொஞ்சம் தள்ளிப் போனா ‘விம்மீம்’னுல்லா வாசிக்குது!”

லிஜா இனயத்துக்குப் போனாள். அலைத்தடுப்பாகக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தூண்டில் வளைவின் கற்களில் ஏறி நின்று பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் தடித்துத் தடித்து உள்ளே இருந்த இடமெல்லாம் அடைபட்டு, வெறும் கருப்புக் கட்டிகளாக மிதந்தன.

அதுவரை அவள் கருப்பை மட்டுமே வரைந்துகொண்டிருந்தாள். அன்றுமுதல் வெள்ளையை வரைந்தாள். சுழிகளை வளைப்பதை விட்டுவிட்டு, திடமான கட்டிக்குள் மெல்லிய கீற்றுகளை வெட்டினாள். ‘ன’வுக்கு இரண்டு, ‘ண’வுக்கு மூன்று. அருகில் பார்த்தால் விசித்திரமாகத்தான் இருந்தது. ராஜகுமாருக்குக்கூடப் பிடிக்கவில்லை. ஜெபிஷ் மட்டும், “அடிச்சுப் பாப்போம்” என்றார்.

புதிதாக எழுதிய பெயரோடு படகு துறையை விட்டுக் கிளம்பிய காலையில் லிஜா அதே கற்களில் நின்றிருந்தாள். படகு சிறுத்துக்கொண்டே போனது. மேலே நின்ற ஆட்கள் புள்ளிகளானார்கள். பிறகு ஆட்களே தெரியவில்லை. பெயர் தெரிந்தது. இத்தனை பெரிய கடலின் முன்னால், தன் கையகலத்தில் பிறந்த ஒன்று கலங்காமல் நிற்பதைப் பார்த்து அவளுக்கு உடல் சிலிர்த்தது.

ஐப்பசிக் காற்றில் அந்தப் படகு எஞ்சின் பழுதாகி, வயர்லெஸ்ஸும் செத்துப்போய், ஜெபிஷோடு மேற்கே அடித்துச் செல்லப்பட்டது. ஊரில் கோவில் மணி அடித்து ஜெபம் தொடங்கியிருந்தார்கள். கரை திரும்பிய அன்றே ஜெபிஷ் லிஜாவுக்குப் போன் செய்தார்.

“வேற ஊரு மீன்புடி போட்டு ஒண்ணு எங்கள கண்டுது. அலையில கிட்ட வர முடியல்ல. ஆனா தூரத்துல வச்சே பேர வாசிச்சு வயர்லெஸ்ல சொல்லியிருக்கான். எங்கள கெட்டி இழுக்கதுக்கு முன்னாடியே எங்க வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சாச்சு, நாங்க உயிரோட இருக்கோம்னு.”

“அண்ணா…” என்றாள் லிஜா.

அதன் பிறகு பல படகுகளில் பாறை ஏறியது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று லிஜா அதை இணையத்தில் போட்டாள். எழுத்து அவளைக் கேட்காமல் நடக்கத் தொடங்கியது. பலாப்பழ சிப்ஸ் பொட்டலத்தில் வந்தது. அய்யாவழி வழிபாட்டுத் தலமான பதியின் திருவிழா வளைவில் வந்தது. பார்க்கும்போதெல்லாம், தான் வளர்த்த பிள்ளை வேற்றுமொழி பேசுவதைக் கேட்பதுபோலத் திகைத்து நிற்பாள்.

போன மாதம் களியக்காவிளையில் பேருந்துக்காகக் காத்திருந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. கிருஷ்ணமணி என்ற வியாபாரியின் படம், அதன் கீழே பாறையில் அவர் பெயர். கடலுக்குக் குறுக்கே கூவுவதற்கென்று அவள் செய்த எழுத்து அங்கே குரலே எழுப்பாமல் நின்றது. மூன்று கீற்றுகளும் ‘ண’வில் துலக்கமாக இருந்தன. இதற்கும் இது பொருந்தும் என்று அவள் நினைத்ததே இல்லை.

பக்கத்தில் நின்ற அம்மா, “தெரிஞ்ச ஆளா மக்ளே?” என்று கேட்டார்.

“இல்லம்மா, ஆளத் தெரியாது” என்றாள் லிஜா. கருங்கல் பேருந்து வந்து நின்றது. அவள் ஏறவில்லை. பெயரை முதலெழுத்திலிருந்து இன்னொரு முறை நிதானமாக வாசித்தாள்.