லொறிக்குப் பிடித்த காத்து

தம்பி காத்தான் லொறியின் டீசல் குழாயைத் தளர்த்தியதும், அந்த மணம் என்னை எண்பதுகளின் வேலணைத் தீவுக்கு இழுத்துப் போயிற்று.

அன்று பிரசவ வலியோடு சித்தி என் அப்பாவின் லொறியில் ஏறியிருந்தாள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், லொறியோ இயங்கவில்லை. குழாயைக் கழற்றிப் பார்த்த அப்பா, "காத்துப் பிடிச்சிட்டுது" என்றார். காத்தென்றால் பேயென்று நினைத்து, சித்தியின் மாமியார் ஓடிவந்து, அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்.

"ஐயோ மாமி, காத்து எனக்கில்லை, லொறிக்கு!" வலிக்குள்ளும் சித்தி சிரித்தாள். "அத்தான், நீங்கள் பம்பை அடியுங்கோ. நான் பொறுப்பன்."

அப்பா அடிக்க அடிக்க, குழாயை அடைத்திருந்த காற்று வெளியேறி, நுரைத்து வந்த டீசல் தெளிந்தது. லொறி உறுமியது. பண்ணைக் கடல் பாலத்தைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசலில் பிறந்தவன்தான் இவன். காத்தான் என்ற பட்டப்பெயரும் அன்று வந்ததே.

இன்று லொறிக்கு அடியிலிருந்து அவன் கத்தினான்: "அம்மா, காத்துப் பிடிச்சிட்டுது!"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த சித்தி கேட்டாள்: "திருநீறு கொண்டு வரட்டோ?"