ஒப்பாரிக் கோச்சியோடு ஓடிய வண்டி

பெரிய அத்தையின் வண்டிக்கு நான்தான் கிளீனர்.

எங்கள் மலையில் ஏற்றத்தில் பஸ் நின்றால் கிளீனர் குதித்திறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போடுவான். அத்தையின் வண்டிக்கும் ஒரு சவுக்குக் கட்டை இருந்தது. கயிறு கட்டி என் தோளில் தொங்கும். “பொம்பளப் புள்ளைக்குக் கிளீனர் வேலையா?” என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்ததில் அத்தைக்குக் கால்கள் இரண்டும் ஓய்ந்துபோயின. நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்று பாராமல் மாதா கோயில் சாமியார் எங்கிருந்தோ ஒரு மூன்று சக்கர வண்டி கொண்டுவந்து கொடுத்தார். நெஞ்சுக்கு நேரே இருக்கிற பிடியைக் கையால் சுற்றினால் ஓடும். சமதரைக்காரன் எவனோ செய்தது. கொட்டகலையில் சமதரை ஏது? ஏற்றத்தில் நான் தள்ளுவேன். இறக்கத்தில் அது எங்கள் இருவர் பேச்சையும் கேட்காது. பிரேக் என்று ஒரு ரப்பர்த் துண்டு; மழை ஈரத்தில் பிடிக்காது. எங்கள் ஊரில் ஈரம் காய்கிற நாள் எது? ஆகவே கட்டைதான். அத்தை “போடு!” என்று கத்த வேண்டும், நான் பாய்ந்து போட வேண்டும்.

இருந்த இடத்தில் இருக்கத் தெரியாத மனுஷி. அத்தனை வருஷம் மலை ஏறி இறங்கிய வேகமெல்லாம் கைக்கு வந்துவிட்டதுபோல் சுற்றுவாள். கோழிகள் பறக்கும். சைக்கிளில் பாண் ரொட்டி விற்கிற சிங்களவர் தூரத்திலேயே இறங்கி நின்று, “ஆச்சி, ஹெமிங், ஹெமிங்!” என்று மெதுவாகப் போகச்சொல்லிக் கெஞ்சுவார். ஒருமுறை கங்காணியே ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் குதிக்க வேண்டியதாயிற்று.

“கெழவி, ஒனக்கு லைசன் இருக்கா?”

“ஒனக்குக் காலு இருக்குல்ல? ஒதுங்கு!”

அந்த அத்தை பெரியப்பாவோடு மட்டும் பேசுவதில்லை. அவளுக்கு நேர் இளையவர் அவர். தாயில்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டார். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரு காம்பரா; எங்களுடையவை அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். இருமல்தான் கேட்டது, பேச்சுக் கேட்கவில்லை.

அந்த வருஷங்களில் லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. போகிறவர்களை ஏற்றிச்செல்லும் ரயிலுக்கு எங்கள் சனம் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தது. உள்ளே இருப்பவர்கள் அழுவார்கள், வெளியே நிற்பவர்கள் அழுவார்கள், மலை திருப்பி அழும். “அழுதுகிட்டுப் போறவன் போற எடத்துல எப்புடி வெளங்குவான்?” என்று அத்தை ஏசுவாள்.

பெரியப்பாவின் தகரப்பெட்டியை ஏற்ற லொறி வந்த காலையில் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் வாசலில் நின்றார்.

“அக்கா, போயிட்டு வர்றேன்.”

கதவு திறக்கவில்லை. அவர் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு லொறியில் ஏறினார். வழியனுப்ப அப்பாவும் ஏறினார். லொறிச் சத்தம் வளைவில் மறைவதற்குள் உள்ளேயிருந்து குரல்:

“கிளீனரு! வண்டிய எடு.”

தலை சீவி, புதுச்சேலை கட்டி, தயாராக இருந்தாள். ஆனால் ஸ்டேசன் பக்கம் திரும்பவில்லை.

“அத்த, ஸ்டேசன் அந்தப் பக்கங்க.”

“தள்ளுடின்னா.”

தண்டவாளத்தை ஒட்டி மாட்டுக் கரத்தை போகிற ரோடு ஒன்று உண்டு. கொஞ்ச தூரம் ரயிலோடு ஓடி, சுரங்கத்துக்குச் சற்று முன்னால் சடாரென்று தேயிலைக்குள் வளையும். அதன் உச்சியில் வண்டியை நிறுத்திக் கட்டை போட்டேன். பனி வந்தது, விலகியது, மறுபடி வந்தது. அத்தையின் கை பிடியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே இருந்தது. எனக்கும் கால் தரையில் நிற்கவில்லை. முதலில் அழுகைதான் கேட்டது, பிறகுதான் ரயில்.

“கட்டைய எடு. இங்க குடு.”

கொடுத்தேன். மடியில் வைத்து முந்தானையால் மூடினாள்.

“பின்னால ஏறு. கெட்டியாப் புடிச்சுக்க.”

அப்புறம் காற்றுதான். சக்கரம் கல்லில் எகிற, பனி முகத்தில் அடிக்க, தேயிலை பச்சைக் கோடாகிப் பின்னால் ஓட, ஸ்டேசனை விட்டு மெல்ல ஊர்ந்து வந்த ரயிலை எங்கள் வண்டி எட்டிப் பிடித்துவிட்டது! எதிரே ஏறிவந்த பாண்காரர் சைக்கிளோடு கானுக்குள் பாய்ந்தார். பாண் மட்டும் ரோட்டில் உருண்டது. ஜன்னல் ஜன்னலாக ஈரமுகங்கள். ஒன்றில் பெரியப்பா, பாதி உடம்பு வெளியே.

“அக்கா! பிரேக்கு! பிரேக்கப் புடி!”

“இல்லாத பிரேக்க எங்கடா புடிக்கிறது!”

எத்தனையோ மாதம் கழித்து அவள் அவரிடம் பேசிய பேச்சு அது. ஒரு ஜன்னல் சிரித்தது. சிரிப்பு அடுத்த ஜன்னலுக்குத் தாவியது. மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்கள், பெட்டி முழுக்கச் சிரித்தது. பெரியப்பா வெற்றிலைக்காவி பற்களெல்லாம் தெரிய, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். அப்படியே சுரங்கம் அவரை விழுங்கியது.

ரோடு வளைந்தது. நாங்கள் வளையவில்லை.

தேயிலைச் செடிகள் எங்களைப் பிடித்து நிறுத்தின. வண்டி கவிழ்ந்து ஒரு சக்கரம் மட்டும் வானத்தைப் பார்த்துச் சுற்றியது. அத்தை செடிமேல் சாய்ந்து கிடந்தாள். கன்னத்தில் கீறல்.

“அடிபட்டுச்சா புள்ள?”

“இல்லங்க அத்த.”

“நான் ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தேன். அவன்... சிரிச்சானா?”

“வாயெல்லாம் பல்லுங்க அத்த.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சுரங்கத்துக்குள் ரயில் சத்தம் தேய்ந்து, கடைசிச் சொட்டும் அடங்கும்வரை எழுப்பவே விடவில்லை.

ஸ்டேசனிலிருந்து ஓடிவந்த அப்பா என்னைத்தான் பிடித்தார். “கட்ட எங்கடி?” நான் அத்தையைக் காட்டினேன். விழுந்ததிலும் நழுவாமல் கட்டை அவள் மடியிலேயே இருந்தது, கைக்குழந்தைபோல் இரண்டு கையாலும் அணைத்தபடி. அப்பா கட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எனக்குத்தான் வாய் அடங்கவில்லை. கிளீனர்மேல் தப்பில்லை என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா? “கட்டைய மடியிலேயே வச்சுக்கிட்டு மறந்துட்டாங்க, வயசாயிருச்சுல்ல” என்று காம்பரா காம்பராவாகச் சொல்லித் திரிந்தேன். அத்தையின் முன்னாலேயே சொன்னேன். பூட்டிக் கிடந்த பக்கத்துக் காம்பராவின் சுவரில் முதுகைச் சாய்த்தபடி அவள் தலையாட்டினாள்.

“ஆமா கிளீனரு. மறந்துதான் போச்சு.”