கிழக்கு யன்னல்

என் மேசை இழுப்பறையில் உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டொன்று கிடக்கிறது. அதற்குள் ஒரு சிறு காற்றுக்குமிழ். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

கனடாவில் லவால் நகரத்து ஆற்றங்கரையோரம் அந்தப் பழைய கல்வீட்டை நாங்கள் வாங்கியதே அதன் கிழக்கு யன்னலுக்காகத்தான். பழங்காலத்து நெளிநெளியான அந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் உறைந்த ஆறுகூட மெல்ல அசைவது போலிருக்கும். நாங்கள் வாடகைக்கு இருந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதி அடுக்குமாடியில் எதிர்ச்சுவரையே பார்த்து வளர்ந்த என் மகள், தன் கட்டில் அந்த யன்னலடியில்தான் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். வீடு பாரம்பரியக் கட்டடமாகப் பதியப்பட்டது. நகரசபையைக் கேட்காமல் வெளிப்புறத்தில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. இதை மாமாவிடம் வாய் நோகச் சொல்லியிருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தையே கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தவர். அதனால் அவர் சொல்லுக்கு எங்கள் வீட்டில் மறுசொல் கிடையாது. புது வீட்டு வாசல் தெற்குப் பார்த்திருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை; வாசல் கிழக்கில்தான் இருக்க வேண்டுமாம். "தெற்கு வாசலாலை ஆரும் குடிபூருவினமோ?" என்று அவர் புறுபுறுத்துக்கொண்டே இருந்தார். உள்ளே வெள்ளையடிக்கவென்று அவரிடம் வீட்டுத் திறப்பைக் கொடுத்தோம். நாங்கள் வேலைக்குப் போன பகலில் கூட்டாளிகளோடு வந்து, கிழக்கு யன்னலைப் பெயர்த்து, அதன் கீழ்ச்சுவரை இடித்து, வாசல் வைத்துவிட்டார். அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி முற்றத்துப் பனியில் நொறுங்கிக் கிடந்தது. மாமா சிரித்துக்கொண்டு நின்றார்.

"சொன்னால் விடமாட்டியள். அதுதான் சொல்லேல்லை."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். கூப்பிட்டு எடுத்தவர் என்பதற்காக ஒருவர் நம் வீட்டுச் சுவரையும் இடிக்கலாமா?

நகரசபை அதிகாரி வந்து, பழையபடி கட்டி முடிக்கும்வரை குடிபோகக் கூடாது என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் பலகை அடித்த ஓட்டையோடு வீடு ஆளில்லாமல் நின்றது. மகள் அடுக்குமாடியிலேயே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லைத் திரும்ப அடுக்கிவிட்டார்கள். அப்படியான கண்ணாடி இனிக் கிடைக்காதாம்; யன்னலுக்குப் புதுக் கண்ணாடிதான் போட்டார்கள். கடைசியில் தெற்கு வாசலாலேயே போய்ப் பால் காய்ச்சினோம்.

போன மாதம் மாமா வந்திருந்தார். அதே தெற்கு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உள்ளே வந்து, யன்னலடியில் இருந்து தேத்தண்ணி குடித்தார். ஊரில் எல்லாப் பிள்ளைகளின் நட்சத்திரமும் நினைவிருக்கிற மனிதர். சால்வையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்:

"இதாலை குளிர்காத்து வருது. பழசு நல்ல யன்னல். அதை ஏன் பிள்ளை மாத்தினனீங்கள்?"

எழுந்து போய் அந்தக் கண்ணாடித் துண்டை எடுத்துவந்து அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அதை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

"கவனம் பிள்ளை, கையை வெட்டிப்போடும்," என்றார்.