குறுக்கே கிடந்த சணல்

ஆரணி ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்தில் மோட்டார் சைக்கிள் போட்டி வைத்தார்கள். பாறைகளுக்கு நடுவே முளை அடித்து, சணல் கட்டி, வழி அமைத்தது நான். கூலிக்குத்தான். அந்த வழியில் ஓட்டும்போது தரையில் கால் ஊன்றினால் ஒரு மார்க் போகும். ஜெயிக்கிறவர் மெட்ராஸ் போட்டிக்குப் போகலாம்.

ஓட்ட வந்தவர்களில் ஒருவர் பட்டு நெய்கிறவர். கன்னம் ஒட்டிய முகம், பழைய புல்லட். ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வார். கடைசிப் பாறை வரை அவரும் வேலூர்க்காரர் ஒருவரும் கால் ஊன்றவே இல்லை.

அங்கே சணல் அறுந்து குறுக்கே கிடந்தது. வேலூர்க்காரர் அதன்மேல் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பின்னால் வந்த இவர் நின்று, கால் ஊன்றி இறங்கி, இரண்டு முனைகளையும் விரலால் முறுக்கிச் சேர்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறினார்.

"யோவ், உனக்கு இன்னா பைத்தியமா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

ஒரு மார்க்கில் தோற்றார்.

"வெறும் சணல்தானேங்க?" என்று பிறகு கேட்டேன்.

"தெரியுதுங்க. எங்க தெருவுல தறிக்கு நீட்டிக் கட்டுற பாவு நூல் அறுந்து கெடந்தா ஒட்டாம யாரும் தாண்ட மாட்டோம். கால் தானா ஊனிக்கிச்சு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் முளைகளைப் பிடுங்கும்போது சணலை இழுத்தேன். இரண்டு இடத்தில் அறுந்தது. அவர் முடிச்சே போடாமல் முறுக்கிவிட்ட இடத்தில் அறவில்லை.