ஒரு மணி நேர வேலை

என் தங்கை மகனுக்குச் சம்பந்தம் பேச, காசிமேட்டிலிருந்து பெண்ணின் அம்மா திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பையனுக்கு எண்ணூரில் இருந்த கான்ட்ராக்ட் வேலை போன மாதம் முடிந்துவிட்டது. அதை எப்போது சொல்வது என்று நானும் தங்கையும் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போது வேலைவாய்ப்புக் கணக்கெடுக்கும் பெண் டேப்லெட்டோடு வந்து நின்றார். எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளாகச் சொல்லுங்கள் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். ஒழுங்காக யோசித்து இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னது நான்தான்.

"அப்புறமா வரேன் சார்" என்று திரும்பியவரைப் பெண்ணின் அம்மா விடவில்லை.

"குந்தும்மா. நீ கேளு, நானும் கேட்டுக்கறேன்."

"தனியா கேக்கட்டுமா?" என்றார் கணக்கெடுக்க வந்தவர் பையனிடம். வேண்டாம் என்று அவன் தலையாட்டினான்.

"போன ஏழு நாள்ல, ஒரு மணி நேரமாவது சம்பாத்தியத்துக்கு வேலை செஞ்சீங்களா?"

பையன் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. "எண்ணூர் வேலை முடிஞ்சிடுச்சு மேடம். செவ்வாக்கெழமை ஃப்ரெண்டோட லோடு வண்டி ஓட்டுனேன். ரெண்டு மணி நேரம். காசு குடுத்தான்."

"அப்போ வேலையில இருக்கீங்க."

தங்கை கேசரிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா இது? ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டுனா வேலைல கீறாரா?" என்றார் பெண்ணின் அம்மா.

கணக்கெடுக்க வந்தவர் பொறுமையாக விளக்கினார். வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். அதுகூட இல்லாமல், வேலை தேடுபவரோ கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவரோதான் வேலையில்லாதவர். வேலையே வேண்டாம் என்பவர் இரண்டு கணக்கிலும் வரமாட்டார்.

"மீன்புடி தடைக்காலத்துல எங்க வூட்டுக்காரு நாள்பூரா சீட்டாடுவாரு. ஒரு மணி நேரம் படகு வலைய சரி பண்ணுவாரு. அவுரு?"

"வேலையில இருக்காரு."

"விடியறதுக்குள்ள ஏலத்துக்கு ஓடி, பொழுது சாயறவரிக்கும் மீன் விக்கற நானு?"

"நீங்களும்தான்."

"ரெண்டு பேரும் ஒண்ணா! அண்ணே, இத்த அந்த மனுசன் காதுல மட்டும் போட்டுடாதீங்க."

வீடே சிரித்தது. பெண்ணின் அம்மா பையனிடம் திரும்பினார்.

"வேலை போச்சுன்னு விசாரிச்சுட்டுத்தான் தம்பி வந்தேன். நீங்க சொல்றீங்களான்னு பாத்துகினு குந்தியிருந்தேன். இவங்க கணக்குல நீ பாஸு. என் கணக்குக்கு மாசச் சம்பளம் வரணும். வந்ததும் போன் பண்ணு, தேதி வெச்சுக்கலாம்."

தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேசரி கேட்டார்.

மணலியில் கிடைத்த புது வேலையில் முதல் சம்பளம் வாங்கிய மாலையே பையன் காசிமேட்டுக்குப் போன் செய்தான். எங்களுக்குச் சொன்னது அதற்கப்புறம்தான்.