கரும்புத் தோட்டத்து லயம்

இந்தக் குளிர் நகரத்தின் வில்லரேப் பகுதியில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் அம்மையாரைப் பிரெஞ்சு வழக்கப்படி 'மடம்' என்றுதான் கூப்பிடுவேன். கரீபியனில் பிரெஞ்சு பேசும் தீவு ஒன்றில் பிறந்தவர். மருத்துவமனையில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவர். எங்கள் உறவு படியில் கண்டால் ஒரு பொன்ஜூர், பனி அதிகம் கொட்டினால் இரண்டு என்ற அளவில் பல வருடங்களாகச் சுமுகமாக இருந்தது. ஆளைப் பார்த்து ஆப்பிரிக்கர் என்று மனதில் ஒரு பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தேன். அவர் என்னை எந்தப் பெட்டியில் போட்டிருந்தார் என்று தெரியாது. இனிமேல் கேட்க எனக்கு முகமும் இல்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் ஒரு நாள் அவர் என் கதவைத் தட்டினார். நான் தமிழ் மண்டபங்களில் ஒலிவாங்கி பிடிப்பவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான். திருமணம், பொங்கல் விழா, எதுவானாலும் ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையில் பகிடி விடுவது என் பொறுப்பு. என்னைக் கண்டாலே சனம் சிரிக்கத் தயாராகிவிடும். அது ஒரு வசதி என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மடம் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ஊரில் பழைய கரும்புத் தோட்டம் ஒன்று இருக்கிறது. முன்னால் முதலாளியின் மாளிகை, அடுத்து ஆலையின் புகைபோக்கி, அதற்கும் பின்னால் கல்லால் கட்டிய ஒரு வரிசை அறைகள். அந்த அறைகளில் முதலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றினார்கள்.

"அம்மாவின் ஆட்கள் ஆப்பிரிக்கா, அப்பாவின் ஆட்கள் காரைக்கால். இரண்டு பக்கமும் அதே அறைகளில்தான் இருந்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் இல்லை, அவ்வளவுதான்" என்றார்.

இப்போது அந்த ஊர் தோட்டத்தைச் சுற்றுலாத் தலமாக்குகிறது. மாளிகைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. விறாந்தையில் உணவகமும் ரம் சுவைபார்க்கும் மேசையும் வரப்போகின்றன. பின்வரிசை அறைகளை இடித்து வாகனத் தரிப்பிடமாக்கப் போகிறார்கள். அதற்கான குழுவில் இருக்கும் மடத்தின் ஒன்றுவிட்ட தம்பி ஒரேயொரு வழி சொல்லியிருக்கிறான்: அந்த அறைகளைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்று காட்டினால் இடிப்பதை நிறுத்தப் பார்க்கலாம்.

"குளிர்காலத்தில் உங்கள் ஆட்கள் எப்படியும் கடற்கரை தேடிப் போகிறார்கள். ஒரு நாள் அங்கே வருவோம் என்று சொல்லட்டும். படமெடுத்துத் தம்பிக்கு அனுப்புகிறேன். நான் பிரெஞ்சில் பேசுவேன், நீங்கள் தமிழில் சொல்லுங்கள்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செலவில்லாத விஷயங்களில் நான் தாராளமானவன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், செயின்ட்-மிஷேலில் தேவாலயத்தின் அடித்தள மண்டபம். எங்கள் சங்கம் வழக்கமாக வாடகைக்கு எடுப்பது. மடம் கைபேசியை ஒரு தாங்கியில் பொருத்திப் பதிவைத் தொடங்கினார். சங்கத்தின் செயலாளர் என்னை உடுப்பு மாட்டும் மூலைக்குக் கூட்டிப்போனார்.

"தம்பி, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். கூலி, தோட்டம் எண்ட கதையளை விட்டுடும்."

"ஏன் அண்ணை? கதையே அதுதானே."

"சனம் கேட்டுட்டு ஒருமாதிரிக் கதைக்கும். பேந்து அந்த மனுசிக்குத்தான் மரியாதைக் குறைவு. தமிழர் கடல் கடந்த கதையெண்டு சொல்லும், கை தட்டுவினம்."

எங்கள் சனம் எப்படிக் கதைக்கும் என்று எனக்குத் தெரியும். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழரை நாங்கள் 'தோட்டக்காட்டான்' என்று சொன்ன தொனி கடல் கடந்தும் எங்களோடு பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது. மடத்தை அதிலிருந்து காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என்னை யார் கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மடம் பேசினார்: "என் முன்னோர்களைக் கூலிகளாகக் கப்பலில் ஏற்றினார்கள்."

நான் தமிழில் சொன்னேன்: "இவருடைய முன்னோர் கப்பலேறித் திரைகடலோடிய தமிழர்."

"கல் அறையொன்றில் ஒரு குடும்பம், சில நேரம் இரண்டு."

"மாளிகைக்குப் பின்னால் கல்லில் கட்டிய தங்குமிடங்களும் உண்டு."

"அதற்கு முன் அங்கே ஆப்பிரிக்க அடிமைகள் இருந்தார்கள். நான் அவர்களுக்கும் பேத்தி."

இதற்கு என்னிடம் பொருத்தமான தமிழ் இல்லை. அதனால் சோழர் கப்பலைப் பற்றி இரண்டு வசனம் சொன்னேன். மண்டபம் அதிரக் கைதட்டல். தன் பாட்டிமாருக்குத்தான் தட்டுகிறார்கள் என்று மடம் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார்.

பிறகு கேள்விகள்.

"தம்பி, அந்த மாளிகையில கலியாணம் வைக்கலாமோ எண்டு கேளும்."

"எத்தினை பேர் கொள்ளும்?"

"முக்கியமான விஷயம், கார் பார்க்கிங் இருக்கோ?"

மடம் என்னைப் பார்த்தார். "என்ன கேட்கிறார்கள்?"

"எப்படி வந்து சேர்வது என்று கேட்கிறார்கள்" என்றேன். இப்படியாக இரு மொழிகளிலும் பொய் சொல்லி முடித்தேன்.

தேநீர் நேரத்தில், முன்பு டாக்சி ஓட்டிய அண்ணை ஒருவர் தன் நல்ல பிரெஞ்சில் மடத்துக்கு வாழ்த்துச் சொன்னார். உங்கள் பாட்டன்மார் கப்பல் வைத்திருந்தார்கள் என்று கேட்டு எங்களுக்குப் பெருமை என்றார். மடம் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கப்பல் வைத்திருந்தார்களா?"

நான் றோல்ஸ் ஒன்றை மென்றுகொண்டிருந்தேன். தொடர்ந்து மென்றேன்.

"முசியே, அவர்களிடம் செருப்புக்கூட இருக்கவில்லை. நான் சொன்னதை அப்படியே திரும்பச் சொல்லுங்கள்."

"தேநீர் முடியட்டும் மடம்…"

"கமரா இன்னும் ஓடுகிறது."

மேடையேறி ஒலிவாங்கியைப் பிடித்தேன். "நான் முதல் சொன்னது பொய். இவருடைய முன்னோர் கூலிகள், அடிமைகள்" என்றேன்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மேடையில் நின்றால் அது பகிடிதானே. "பொய் சொல்லாம நீர் எப்ப மைக் பிடிச்சனீர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் எடுத்துக்கொடுக்க, சிரிப்பு இன்னும் கூடியது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான்.

மடம் மேடைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். நானும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அந்த அறை வரிசைக்கு எங்கள் நாட்டுத் தமிழில் ஒரு சொல் முதலிலிருந்தே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் அறை வரிசையை லயம் என்பார்கள். இம்முறை லயம் என்றே சொன்னேன்.

"தோட்டக்காட்டு ஆக்களெண்டு முதலே சொல்லியிருக்கலாமே" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டியளோ?"

அது தேநீர் மேசைப் பக்கமிருந்து வந்தது. செயலாளரின் மனைவி. வவுனியா அக்கா என்றுதான் எல்லோருக்கும் பழக்கம். ஊர் எதுவென்று கேட்டால் வவுனியா என்பார், அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

"நானும் லயத்துலதான் பொறந்தேன். அட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்துல. எங்க அப்பாவுக்கு வவுனியாவுல காணி கெடச்சது பெறகுதான்." முப்பது வருடமாக எங்களைப்போலவே கதைத்தவருடைய பேச்சு அந்த இடத்தில் மாறியது. செயலாளர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை மூலைக்குக் கூட்டிப்போனது யாருக்காக என்று அப்போது விளங்கியது.

"லயத்தப் பாக்கக் காசு குடுத்துப் பிளேன் ஏறணுமான்னுதான் யோசிக்கிறேன்" என்றார் அக்கா. "ஆனா வாறேன்னு அவங்ககிட்டச் சொல்லுங்க. இவரையும் கூட்டிக்கிட்டு வாறேன்."

சொன்னேன். மடம் இறங்கிப்போய் ஓர் அறையில் எத்தனை பேர், அடுப்பு உள்ளேயா வெளியேயா என்று கேட்க, அக்கா பதில் சொல்ல, நடுவில் நான் குழாய்போல நின்றேன். வேறு யார் வருவீர்கள் என்று கேட்டபோது எழுந்த கைகளை எண்ண என் ஒரு கையே போதும். மற்றவர்கள் மேலங்கிகளைத் தேடத் தொடங்கியிருந்தார்கள்.

தை மாதத்தில் மடம் மறுபடி கதவைத் தட்டினார். அறைகளில் பாதியை இடிப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. மற்றப் பாதி தரிப்பிடமாகும். மிஞ்சும் அறை ஒன்றில், வருபவர்கள் பார்ப்பதற்காக அந்த ஒளிப்பதிவைப் போட நினைக்கிறார்கள். தமிழில் நான் சொன்னதை அக்காவிடமும் பிரெஞ்சு தெரிந்த அந்த டாக்சி அண்ணையிடமும் கேட்டு, பிரெஞ்சில் கீழே எழுத்தோட விட்டிருக்கிறார். மேல்வரியில் மடம் சொன்னது, கீழ்வரியில் நான் சொன்னது. என் சம்மதம் வேண்டுமாம்.

"பின்பாதியை மட்டும் போடலாமே மடம்? அதில் நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்."

"முன்பாதிதான் அவர்களுக்கு வேண்டும். அந்த அறைகளை ஏன் இடிக்கப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லையாம்."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மருந்தின் அளவு சொல்லும் தாதியின் குரலில் சொன்னார். நான் சம்மதித்தேன்.

அக்காவும் செயலாளரும் மாசியில் போய்வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பனிநாளிலும் விமானச்சீட்டுகளைத் தேடிப் பார்க்கிறேன். இடமும் இருக்கிறது, விலையும் பரவாயில்லை. ஆனால் அந்த அறைக்குள் என் குரல் சோழர் கப்பலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அதைக் கேட்டு முடித்து வெளியே வருபவர்களுக்கு எதிரே நான் வாசலில் நிற்க வேண்டியிருக்கும். கணினியை மூடிவிடுகிறேன்.